ஒரு தேதியும் 280 கிராமும்

[திரையில் 1996 ஆகஸ்ட் மாத நாள்காட்டி. 22க்கும் 23க்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு.]

அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலம். ரெண்டு பேரை நினைச்சுக்கோங்க. ரெண்டு பேர் மேலயும் ஒரே வழக்கு, போதைப்பொருள் கடத்தல். ஒருத்தர் குற்றம் செஞ்ச நாள் 1996 ஆகஸ்ட் 22. இன்னொருத்தர் செஞ்சது மறுநாள். தண்டனை முடிஞ்சு ரெண்டு பேரும் வெளிய வர்றாங்க. கையில காசு இல்ல, வேலை தர ஆள் இல்ல. முதல் ஆள் ஃபுட் ஸ்டாம்புக்கு விண்ணப்பிக்கலாம். அது ஏழைக் குடும்பங்களுக்கு சாப்பாட்டுப் பொருள் வாங்க மட்டும் அரசு தர்ற உதவி. ரெண்டாவது ஆளுக்கு அது ஆயுசுக்கும் கிடையாது.

அந்த 22ஆம் தேதிதான் அதிபர் பில் கிளிண்டன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுக்குள்ள ஒரு சின்னப் பிரிவு: போதைப்பொருள் தொடர்பான கடுங்குற்றத்துக்குத் தண்டனை வாங்கினவங்களுக்கு வாழ்நாள் முழுக்க ஃபுட் ஸ்டாம்ப் இல்ல. கொலை செஞ்சு சிறைக்குப் போய் வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது. கொள்ளையடிச்சவருக்கும் கிடையாது. செனட்ல இந்தப் பிரிவு மேல நடந்த விவாதம் மொத்தமே ரெண்டு நிமிஷம்.

தடை ஒருத்தருக்குன்னாலும் அடி விழுறது வீட்டு மேல. குடும்பத்துக்கு எவ்வளவு உதவின்னு கணக்குப் போடும்போது அவரோட வயித்தை எண்ண மாட்டாங்க. அவர் சம்பாதிச்சா அந்த வருமானத்தை மட்டும் எண்ணுவாங்க.

மாநிலங்கள் விரும்பினா இதைத் தளர்த்திக்கலாம். ஃப்ளோரிடா தடையைக் கடத்தல்காரங்களோட நிறுத்திக்கிச்சு. அந்த மாநிலச் சட்டப்படி 28 கிராம் கொக்கெய்ன் கையில இருந்தாலே கடத்தல்தான், வித்ததா நிரூபிக்கணும்னு அவசியம் இல்ல. குற்றம் நடந்த நாள் ஆகஸ்ட் 23 அல்லது அதுக்கு அப்புறமா இருந்தா தடை உண்டு.

[திரையில் கோட்டின் இருபுறமும் புள்ளிகள்.]

இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டவர் பொருளியலாளர் கோடி டட்டில். உதவி வாங்குறவங்களையும் வாங்காதவங்களையும் சும்மா ஒப்பிட்டா எதுவும் புலப்படாது. அவங்க வாழ்க்கையே ஆரம்பத்துலேருந்து வேற வேற. ஆனா கட்-ஆஃப் மார்க்கை யோசிச்சுப் பாருங்க. கட்-ஆஃப் 190ன்னா, 190 வாங்கின பிள்ளைக்கும் 189.75 வாங்கின பிள்ளைக்கும் படிப்புல என்ன பெரிய வித்தியாசம்? ஆனா ஒருத்தருக்கு சீட் உண்டு, இன்னொருத்தருக்கு இல்ல. அதனால பின்னாடி அவங்க வாழ்க்கை பிரிஞ்சா, அந்த சீட்தான் காரணம்னு தைரியமா சொல்லலாம். டட்டில் செஞ்சதும் இதேதான். அந்தத் தேதிக்குச் சற்று முன்னாடி குற்றம் செஞ்சவங்களையும் சற்றுப் பின்னாடி செஞ்சவங்களையும் எடுத்து, யார் மறுபடி சிறைக்கு வந்தாங்கன்னு பார்த்தார்.

தடை விழுந்தவங்கதான் அதிகமாத் திரும்பி வந்தாங்க. எந்தக் குற்றத்துக்குன்னு பார்த்தா, காசு கிடைக்கிற குற்றங்கள்தான் கூடியிருந்தது. பறிபோன உதவியை ஈடுகட்ட மறுபடி குற்றத்துக்கே போனாங்கங்கிறதுதான் அவர் முடிவு. ‘குற்றவாளிக்கு எதுக்கு என் வரிப்பணம்?’னு கேக்குறவங்களோட கோபம் எனக்குப் புரியுது. ஆனா அவரைத் திரும்ப சிறையில வச்சுச் சோறு போடுறதும் அதே வரிப்பணம்தானே?

இதே சட்டம், இதே தேதி, இன்னொரு கோடு. வறுமையில இருக்கிற மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மாசாமாசம் ஒரு உதவித்தொகை உண்டு. 1996 ஆகஸ்ட் 22க்கு அப்புறம் 18 வயசு ஆனவங்க மறுபரிசோதனையைத் தாண்டணும்னு சட்டம் சொன்னதால, நிறையப் பேர் அதை இழந்தாங்க. மனசி தேஷ்பாண்டேவும் மைக்கேல் முல்லர்-ஸ்மித்தும் அவங்களை அடுத்த 20 வருஷத்துக்குப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. குற்றச்சாட்டுகள் 20 சதவீதம் கூடுச்சு. திருட்டு, மோசடி மாதிரி வருமானம் தர்ற குற்றங்கள்ல 60 சதவீதம். உதவியை நிறுத்தி மிச்சம் பிடிச்ச பணத்துல பெரும்பகுதியை போலீஸும் சிறையுமே தின்னுடுச்சு.

[திரையில் ஒரு தராசு. எண்: 280.]

இனப் பாகுபாடு பத்தின டட்டிலோட இன்னொரு ஆய்வுதான் என்னை ரொம்ப உலுக்கினது. அங்க கோடு தேதி மேல இல்ல, எடை மேல.

கிராக்ங்கிறது கொக்கெய்ன் தூளை பேக்கிங் சோடாவோட காய்ச்சி எடுக்கிறது. போதைப்பொருள் ஒண்ணுதான், வடிவம் மட்டும் வேற. 1986ல வந்த சட்டம் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் தூளுக்கும் ஒரே தண்டனை வச்சது, குறைஞ்சது 5 வருஷம். ஒண்ணுக்கு நூறு. மத்திய நீதிமன்றங்கள்ல கிராக் வழக்குல தண்டிக்கப்பட்டவங்கள்ல 80 சதவீதத்துக்கும் மேல கறுப்பினத்தவங்களா இருந்த காலமும் உண்டு. இந்த அநியாயத்தைக் குறைக்கத்தான் 2010ல ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் வந்தது. 10 வருஷக் கட்டாயத் தண்டனைக்கான எல்லை 50 கிராம்லேருந்து 280 கிராமுக்கு ஏறுச்சு.

அதுக்கப்புறம், 280 கிராம்னு பதிவாகிற வழக்குகள் திடீர்னு கூடுது. அந்தக் கூடுதல் கறுப்பினத்தவங்க, லத்தீன் அமெரிக்க வம்சாவளி ஹிஸ்பானியர் வழக்குகள்ல ரொம்பப் பெருசா இருக்கு. சரக்கு வச்சிருக்கிறவர் சட்டத்தைப் படிச்சுட்டு, தண்டனை ஏறுற எடைக்குச் சரியா அளந்து வச்சிருப்பாரா?

டட்டில் வழக்கோட ஒவ்வொரு கட்டத்தையும் பிரிச்சுப் பார்த்தார். 280ல இப்படி வழக்குகள் குவியுறது அரசு வழக்கறிஞர் கைக்கு வழக்கு வந்த பிறகு. எடைன்னா தராசுல வச்சது மட்டும் இல்ல. கூட்டாளிங்க வித்தது, யாரோ ஒரு சாட்சி ‘முன்னாடி இவ்வளவு வித்தார்’னு சொன்னது, எல்லாத்தையும் கூட்டிக்க முடியும். அந்த இடைவெளியிலதான் விருப்பு வெறுப்பு நுழையுது. எல்லா வழக்கறிஞர்களும் இப்படிச் செய்யல. 20லேருந்து 30 சதவீதம் பேர்தான். மிச்சப் பேர் கையிலயும் இதே சட்டம்தான் இருந்தது. அதனால ‘சட்டம் அப்படி, நாங்க என்ன செய்ய?’ங்கிற பதில் இங்க நிக்காது.

2013ல, கட்டாயத் தண்டனையைக் கூட்டுற எந்த விவரத்தையும் ஜூரி முன்னாடி ஐயத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த வருஷம் 280ல நின்ன வழக்குகளோட பங்கு குறைஞ்சது. சான்று கேட்டதும் கிராம் குறையுது!

படிப்பு, வயசு, பழைய வழக்குகள், உண்மையில பிடிபட்ட அளவு, எதை வச்சுப் பார்த்தாலும் இந்த இன வித்தியாசம் விளங்கல. மாநில வாரியா இன வெறுப்பை அளக்கிற ஒரு அளவீட்டை வச்சப்போ பெரும்பாலும் விளங்குச்சு. அந்த வரியைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் என்னால அடுத்த பக்கத்துக்குப் போக முடியல. 10 வருஷம்ங்கிறது ஒரு குழந்தை நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் சேர்ந்து, அஞ்சாம் வகுப்பு முடிக்கிற காலம்.

[திரையில் இரண்டு தட்டுகள்: 5 கிலோ, 280 கிராம்.]

ஃபுட் ஸ்டாம்ப் தடையைப் பெரும்பாலான மாநிலங்கள் தளர்த்திடுச்சு, இல்ல நீக்கிடுச்சு. ஆனா எடைக் கணக்குல 2010 சட்டம் நூறைப் பதினெட்டாக்கினதோட நின்னுடுச்சு. 10 வருஷத் தண்டனைக்குத் தூளா இருந்தா 5 கிலோ வேணும், கிராக்கா இருந்தா 280 கிராம் போதும். இந்த வித்தியாசத்தையே அழிக்கிற மசோதா 2021 செப்டம்பர்ல பிரதிநிதிகள் சபையில 361க்கு 66ன்னு நிறைவேறுச்சு. செனட்ல அது வாக்கெடுப்புக்கே வரல.