மல்லாட்டைப் பூவும் ஆண்பனையும்

(குடியாத்தத்தில் மாணவர்களிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். வரும் வழியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகள் பூத்திருந்ததைப் பார்த்தேன். விடியற்காலையில் அந்த மஞ்சள் பூ விரியும்போதே பெரும்பாலும் உள்ளேயே மகரந்தம் சூல்முடியில் ஒட்டிவிடுகிறது, தேனீ வந்தாலும் வராவிட்டாலும் விழுது இறங்கும், காய் பிடிக்கும். வரப்பில் நிற்கும் பனை அப்படியில்லை. ஆண் தனி, பெண் தனி. இன்னொரு மரத்து மகரந்தம் வராமல் நுங்கு கிடையாது. ஒரே மண், ஒரே மழை, ஏன் இந்த வித்தியாசம்?

செடிகளின் மகரந்தச் சேர்க்கை முறையைப் பழைய தட்பவெப்பம் எப்படி மாற்றியது என்பதற்குத் தெளிவான சாட்சி வடக்கே இருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் கிடந்தது. அது உருகிப் பின்வாங்க, வெற்று நிலம் திறந்தது. அங்கே போய் விழுந்தது ஒற்றை விதை என்று வையுங்கள். சுற்றிலும் சொந்தபந்தம் யாருமில்லை. தன் மகரந்தத்தைத் தானே தள்ளிவிடும் செடி பூத்து, வாடி, அத்தோடு சரி. தற்செயலாக அந்தத் தடை உடைந்திருந்த செடிதான் விதை விட்டது, அதன் வாரிசுகள்தான் பரவின. தனியாகப் போய்ச் சேரும் செடிக்கு இந்தக் குணம் கைகொடுக்கும் என்று ஹெர்பர்ட் பேக்கர் என்ற தாவரவியலாளர் 1955இல் எழுதினார். வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் அரபிடாப்சிஸ் லைராட்டா என்றொரு கடுகுக் குடும்பச் செடி இருக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் அயல் மகரந்தத்தைத்தான் ஏற்கும், ஆனால் அங்கே சில கூட்டங்கள் தாமாகவே விதை பிடிக்கின்றன.

இதற்கு விலையும் உண்டு. டார்வின் பல ஆண்டுகள் செடிகளைப் பக்கம் பக்கமாக வளர்த்துப் பார்த்து 1876இல் வெளியிட்டார்: தன்மகரந்தத்தில் பிறந்தவை பெரும்பாலும் குட்டையாக, பலவீனமாக இருந்தன.

இது பழங்கதை மட்டுமல்ல. பாரிஸ் பக்கத்து வயல்களில் முளைக்கும் காட்டுப் பான்சிச் செடியில், 20, 30 ஆண்டுகளுக்கு முன் எடுத்துவைத்த விதைகளையும் இன்றைய விதைகளையும் ஒன்றாக வளர்த்து ஒப்பிட்டார்கள். பூ 10 சதவீதம் சிறுத்திருந்தது, தேன் 20 சதவீதம் குறைந்திருந்தது, தன்மகரந்தச் சேர்க்கை 27 சதவீதம் கூடியிருந்தது. பூச்சிகள் குறைந்து வருவதே காரணம் என்கிறார்கள். எனக்கு இது பெரிய கவலை.

பான்சி ஆண்டுதோறும் பூத்து விதை விடும் செடி, அதனால் இவ்வளவு சீக்கிரம் மாற முடிந்தது. பனை முதல் பாளை விடவே 12 ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தெரிந்த பிறகு, காய்க்காத மரம்தானே என்று ஆண்பனையை அறுத்துவிடுகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.