புகன்வால்ட்: தலை எண்ணிய மைதானத்திலிருந்து

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியின் வைமார் நகருக்கு வெளியே, எட்டர்ஸ்பெர்க் மலைமேல் இருக்கும், ஹிட்லரின் நாஜி ஆட்சி நடத்திய புகன்வால்ட் வதைமுகாமின் நடுவே நின்று இன்று உங்களிடம் பேசுகிறேன். வைமார் ரயில் நிலையத்தில் 6ஆம் எண் பேருந்தில் ஏறினால் இங்கே கொண்டுவந்து விட்டுவிடும். அது மேலேறி வரும் சாலையைப் போட்டவர்களும் கைதிகளே, அதனால்தான் அதற்கு இரத்தச் சாலை என்று பெயர் வந்தது. காற்று பலமாக அடிக்கிறது, ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காலடியைப் பாருங்கள். சுற்றிலும் பனி மூடிக் கிடக்க, இந்த உலோகத் தகட்டின்மேல் மட்டும் துளிப் பனி இல்லை. 1995இல் பதிக்கப்பட்ட இந்த நினைவுத் தகட்டை ஆண்டு முழுவதும் 37 டிகிரி வெப்பத்தில், அதாவது மனித உடலின் வெப்பத்தில், வைத்திருக்கிறார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

கைதிகளைத் தலை எண்ணிய மைதானம் இதுதான். முகாமின் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கெடுப்பைச் சுற்றியே சுழன்றது. எண்ணிக்கை ஏட்டோடு ஒத்துவரும்வரை மழையானாலும் பனியானாலும் அசையாமல் நிற்க வேண்டும்; இறந்தவர்களும் கணக்கில் வர வேண்டும் என்பதால் உடல்களையும் இங்கே சுமந்துவந்து கிடத்தினார்கள். 1938 டிசம்பரில் இருவர் தப்பிவிட்டார்கள் என்பதற்காக முகாம் முழுவதையும் உறைபனியில் இரவெல்லாம் நிறுத்திவைத்தார்கள். விடிவதற்குள் பலர் நின்ற இடத்திலேயே செத்து விழுந்தார்கள். அதோ தெரியும் வாயிற்கதவில் 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு' என்ற பொருளில் ஒரு வாசகம் உண்டு. அது வெளியே இருப்பவர்களுக்காக எழுதப்பட்டதன்று. இங்கே வரிசையில் நிற்பவர்கள் படிக்கும்படி உட்புறம் பார்த்துப் பொருத்தப்பட்டது.

1937 ஜூலையில் திறக்கப்பட்ட இந்த முகாமுக்கும் அதன் கிளை முகாம்களுக்கும் 1945 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,80,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 56,000 பேர் உயிரிழந்தார்கள். இத்தனை பேரை, முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் எப்படி ஆண்டார்கள் என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் துளைத்துக்கொண்டிருக்கிறது. காவல் கோபுரமும் மின்வேலியும் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் உள்ளே அன்றாடம் நடந்த வேலைகளில் பெரும்பகுதியைக் கைதிகளின் தலையிலேயே கட்டினார்கள். ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு மூத்தவர், ஒவ்வொரு வேலைக்குழுவுக்கும் காப்போ எனப்பட்ட ஒரு மேஸ்திரி, எல்லோருக்கும் மேலே முகாம் மூத்தவர், இவர்களோடு எழுத்தர்கள் எனக் கைதிகளுக்குள்ளேயே ஓர் ஆட்சி அடுக்கு இருந்தது. காப்போவுக்குச் சற்றுக் கூடுதல் உணவும் நல்ல படுக்கையும் கிடைக்கும். வேலையில் குறை வைத்தால் பதவி பறிபோகும், அன்றிரவே தான் அடித்தவர்களோடு போய்ப் படுக்க வேண்டும், அவர்கள் அவனை உயிரோடு விடமாட்டார்கள். 1944 ஜூனில் ராணுவத் தளபதிகளிடம் பேசிய எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரே இந்த ஏற்பாட்டை வெளிப்படையாக விளக்கியிருக்கிறார்.

இதற்குமேல் கைதிகளைச் சட்டையில் தைத்த முக்கோணங்களாலும் பிரித்துவைத்தார்கள். சிவப்பு அரசியல் கைதிக்கு, பச்சை குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு, ஊதா யெகோவாவின் சாட்சிகளுக்கு, இளஞ்சிவப்பு ஒருபாலீர்ப்பினருக்கு. யூதர்களுக்கு மஞ்சள் முக்கோணம் கூடுதலாக. பதவிகள் பச்சையின் கையில் இருப்பதா, சிவப்பின் கையில் இருப்பதா என்று இங்கே பல ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்த போட்டி நடந்து, இறுதியில் சிவப்பு வென்றது.

வென்றவர்கள் கைக்கு வந்தது பட்டியல் எழுதும் பேனா. சாவு நிச்சயமான கிளை முகாம்களுக்கு யார் போவது என்ற பட்டியல் கைதி எழுத்தர்களின் மேசையைத் தாண்டித்தான் போனது. 1944இல் இங்கே அடைக்கப்பட்ட நேச நாட்டு உளவாளிகள் பலர் தூக்கிலிடப்பட்டபோது, எஸ்.எஸ். மருத்துவர் ஒருவருக்கு எழுத்தராக இருந்த ஆய்கன் கோகோன் என்ற கைதியும் அவர் தோழர்களும் மூவரைக் காப்பாற்றினார்கள். டைஃபஸ் காய்ச்சலில் இறந்த பிரெஞ்சுக் கைதிகளின் பெயர்களை அந்த மூவருக்கும் கொடுத்து, இறந்தவர்களை அவர்கள் பெயரில் எரியூட்டினார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பிரான்சின் தூதராக விளங்கிய ஸ்தெஃபான் ஹெசல். ஆனால் பயணப் பட்டியலில் ஒரு பெயரை எடுத்தால் அந்த இடத்தில் வேறொரு பெயரை எழுதியாக வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கை குறையக் கூடாது. தம் தோழர்களைக் காத்த எழுத்தர்கள் முகமறியாத யாரையோ அனுப்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் மாற்றப்பட்டுப் போனவர்களை மறக்கவும் முடியவில்லை. அந்த மேசையை அங்கே போட்டவர்கள் எஸ்.எஸ். படையினர் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

அருங்காட்சியகம் கைதிகளின் உடைமைகளை வைத்திருந்த பழைய கிடங்கில் இருக்கிறது. அங்கே நான் படம் எடுக்கவில்லை. கைதிகளின் பொருள்களுக்கு எதிரில் நெடுநேரம் நின்றேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது மைதானத்தைக் கடந்து சரிவின் கீழ்ப்பக்கம் நடக்கிறேன். 'சிறிய முகாம்' என்ற பகுதி இது. குதிரை லாயத்துக்கான மரக்கொட்டகைகளில் கைதிகளை அடைத்துவைத்த இடம். போரின் கடைசி மாதங்களில் கிழக்கிலிருந்து வந்து இறக்கப்பட்டவர்கள் இங்கேதான் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். இதற்குள் 66ஆம் எண் கொட்டகையில் சிறுவர்களைச் சேர்த்துவைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். அதற்கு மூத்தவராக இருந்தவர் அன்டோனின் கலினா என்ற செக் நாட்டுக் கம்யூனிஸ்ட். 1945 ஏப்ரலில் யூதர்கள் அனைவரும் மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஆணை வந்தபோது, பிள்ளைகளின் பதிவுகளை மாற்றிவைத்துவிட்டு, என் கொட்டகையில் யூதர்கள் எவரும் இல்லை என்று அவர் சொன்னார். ஏப்ரல் 11 அன்று முகாம் விடுதலையானபோது உயிரோடு இருந்த சிறுவர்கள் சுமார் 900 பேர்.

அந்தக் கொட்டகை இன்று இல்லை. கலினா அங்கே செய்த இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கெடுப்பு அந்த மைதானத்தில் நடக்கவில்லை. பனியில் நிற்கவிடாமல், கொட்டகைக்கு உள்ளேயே வைத்து அவர்களை எண்ணினார்கள்.