கையில் ஒரு தழும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

1968ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு காலைப் பொழுது. ஜூரியாக அமர்வதற்காக ஒரு பெண்மணி தெருவைக் கடந்து போகிறார். நடை தள்ளாடுகிறது. பார்த்த போலீஸ்காரர், "விடிந்ததும் விடியாததுமாகக் குடித்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?" என்று அதட்டினார். அவர் குடித்திருக்கவில்லை.

அந்தப் பெண்மணி லியோனோர் வெக்ஸ்லர். பழ ஈக்களை வைத்து மரபியல் படித்தவர். அவருடைய தந்தைக்கும் உடன்பிறந்த மூன்று சகோதரர்களுக்கும் ஹன்டிங்டன் நோய், மூளையை மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோய். ஆண்களுக்கு மட்டுந்தான் வரும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. மரபியல் படித்தவர் வீட்டிலேயே அப்படி! நம் ஊரில் 'பரம்பரை நோய் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும்' என்பார்கள். இந்த நோய் அப்படித் தாண்டிக் குதிப்பதில்லை. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். மூத்தவருக்கு வந்துவிட்டது என்பதால் இளையவர் தப்புவதில்லை.

பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் கை, கால், முகம் தாமாகத் துள்ளத் தொடங்கும். பிறகு பேச்சு குழறும், நினைவும் மனமும் கலங்கும். அதற்குள் பலருக்குக் குழந்தைகள் பிறந்திருக்கும். இதன் கொடுமை அதில்தான் இருக்கிறது.

லியோனோரின் இளைய மகள் நான்சிக்கு அப்போது 23 வயது. தாய்க்கு வந்த நோயைத் தந்தை மில்டன் இரு பெண்களிடமும் மறைக்காமல் சொன்னார். பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று அக்காவும் தங்கையும் முடிவெடுத்தார்கள். உளவியலாளரான மில்டன், இந்த நோய்க்காக ஆராய்ச்சியாளர்களைக் கூட்டும் ஓர் அமைப்பையும் தொடங்கினார். நான்சியும் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்தான். சோதனைக்கூடத்து மரபியலாளர் அல்லர். ஆனால் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரை மீனவர் குடியிருப்புகளில் இந்த நோய் உலகிலேயே அதிக அளவில் இருந்தது. 1950களிலேயே அதை அடையாளம் கண்டவர் அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற உள்ளூர் மருத்துவர். மக்கள் அதை 'எல் மால்' என்றார்கள். 'கெடுதி' என்று பொருள். நான்சி 1979இல் அங்கே போனார். 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குழுவோடு சென்று, யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு நோய் வந்தது, எந்த வயதில் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார். அந்த வம்சாவளிப் படத்தில் பின்னாளில் 18,000 பேருக்கு மேல் இடம்பெற்றார்கள். படித்துறையிலும் தகரக் கூரையின் கீழும் எடுத்த இரத்தம் விமானம் ஏறி பாஸ்டன் போயிற்று.

முதலில் மக்கள் தயங்கினார்கள். எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர்களுக்கு இரத்தமும் தோல் துணுக்கும் எதற்குத் தரவேண்டும்? நியாயமான கேள்விதான். தன் தாய்க்கும் இதே நோய் என்று நான்சி சொன்னார், நம்பவில்லை. அப்போது குழுவிலிருந்த ஒரு செவிலியர் அவருடைய கையைப் பிடித்து உயர்த்தி, அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். ஆராய்ச்சிக்காக நான்சி முன்பே தோல் கொடுத்த இடத்தில் ஒரு சிறு தழும்பு. 'பாருங்கள், இவருக்கும் அந்த அடையாளம் இருக்கிறது.' அதன் பிறகுதான் மக்கள் கையை நீட்டினார்கள்.

ஜேம்ஸ் குசெல்லா என்ற இளம் ஆய்வாளர் அந்த இரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் நோயின் சுவட்டைத் தேடினார். ஆண்டுக் கணக்கில் இழுக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். சீக்கிரமே சிக்கிவிட்டது! நோய்க்கான மரபணு இருப்பது, டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகளான குரோமோசோம்களில் நான்காவதில் என்று 1983இல் தெரிந்தது. தெரு தெரிந்துவிட்டது, வீட்டைத் தேடுவதுதானே பாக்கி என்று தோன்றியது. அதற்குப் பிடித்தது பத்து ஆண்டுகள். 1993இல் மரபணுவையே கண்டுபிடித்தார்கள். அதில் சி, ஏ, ஜி என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் திக்குவாய்க்காரர் பேச்சைப் போலத் திரும்பத் திரும்ப வருகின்றன. இருபது முறை வந்தால் கவலையில்லை. நாற்பதோ அதற்கு மேலோ என்றால், முழு ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும்.

ஆக, ஒரு சொட்டு இரத்தத்தில் தலைவிதியைப் படித்துவிடலாம் என்றாயிற்று. தடுக்க வழியில்லை. இன்று இருக்கும் மருந்துகளும் உடல் துள்ளுவதை ஓரளவு தணிக்கும், அவ்வளவுதான். மருந்தில்லாத செய்தியைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? 'நீங்கள் பரிசோதனை செய்துகொண்டீர்களா?' என்று கேட்டவர்களுக்கு நான்சி ஆண்டுக் கணக்கில் பிடிகொடுக்கவில்லை. கண்டுபிடிக்க உழைத்தவரே இப்படியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை என்றால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அதில் அடங்கும்.

என்னை உறுத்துவது வேறு. கைநீட்டி இரத்தம் கொடுத்த அந்த ஏரிக்கரைக் குடும்பங்கள் இன்னமும் வறுமையில்தான் இருக்கின்றன. நோயாளிகளுக்காக 1999இல் அங்கே ஓர் இல்லம் திறந்தார்கள். வாங்கியதற்கு அது ஈடாகுமா?

2020இல், 74ஆம் வயதில், தனக்கும் அந்த நோய் வந்திருப்பதாக நான்சி வெக்ஸ்லர் பத்திரிகை மூலம் அறிவித்தார். நோயைச் சுற்றியுள்ள வெட்கம் குறையட்டும் என்று அவர் விரும்பினார். நெருங்கியவர்களுக்கு அது புதுச் செய்தியன்று. அவருடைய நடை மாறிவந்ததை அவர்கள் கவனித்திருந்தார்கள்.

நன்றி. வணக்கம்.