மஞ்சக்கறை புடிச்ச நெலக்கால்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வானொலி நெலையத்துல இருந்து போன் பண்ணி, "உங்க குடும்பத்துல ஒரு வருஷம் நடந்ததப் பத்திப் பேசுங்கம்மா"ன்னாங்க. எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்குமுங்கன்னு கேட்டேன், சிரிச்சுட்டாங்க. சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. கோபிக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவுல வாய்க்கா ஓரத்துல எங்க தோட்டம். எங்கூட்டுல வருஷம்னா மஞ்ச நட்ட நாள்ல இருந்து கொப்பரையில மஞ்ச வேகுற நாள் வரைக்கும்தான். ஒம்பது பத்து மாசம் ஆகும். மிச்ச ரெண்டு மாசம் கணக்குல வராது, கடன் கட்டறதுக்கும் காத்து வாங்கறதுக்கும் சரியாப் போயிரும்.

இந்தத் தடவ நடவு போட்டது வைகாசிக் கடைசியில. அதே வாரந்தான் பெரியவளுக்கு காலேஜ் அப்ளிகேசன் போடோணும். நான் விதைமஞ்சள மருந்துத் தண்ணியில முக்கி முக்கி எடுத்துட்டு இருக்கறேன், இவ வரப்பு மேல "ஓடிபி வந்துருச்சு ஓடிபி வந்துருச்சு"ன்னு கத்திக்கிட்டே என்ற போனத் தூக்கிட்டு ஓடியாறா, அந்தப் போனு என்ற வெரல வெச்சாத்தான் தொறக்கும், வெரலு பூரா சேறும் மருந்தும், சீலையில தொடச்சு வெச்சாலும் தொறக்க மாட்டேங்குது, நம்பரு போட்டுத் தொறக்கறதுக்குள்ள ஓடிபி காலாவதி. மூணு தடவ இப்படி. நாலாவது தடவ எங்க மாமனாரு சொம்புல தண்ணி மோந்துட்டு வந்து, "கையக் கழுவு சாமி, புள்ள படிக்கப் போறா"ன்னாரு. சீட்டு கெடச்சுது, கோயமுத்தூர்ல. ஆவணியில கொண்டுபோய் ஹாஸ்டல்ல விட்டம்.

அதுக்கு முன்னால ஆகஸ்ட் 15 சொல்லோணும். மத்த ஊர்ல அன்னைக்கு கொடியேத்தி முட்டாய் குடுப்பாங்க, எங்களுக்கு அது மட்டுமில்லீங்க, பவானிசாகர்ல இருந்து கீழ்பவானி வாய்க்காலுக்கு தண்ணி தொறக்கறதும் வழக்கமா அன்னைக்குத்தான். 1955ல கட்டி முடிச்ச அணை, 105 அடி. வாய்க்கா 200 கிலோமீட்டர் ஓடி 2 லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. மாமனாரு சின்னப் பையனா இருந்தப்ப மொத மொதல்ல தண்ணி வந்ததப் பாக்க ஊரே வாய்க்காக் கரையில நின்னுச்சாம், நொரையும் சருகும் மொதல்ல வந்துச்சாம், தண்ணி அதுக்குப் பின்னாலதானாம். இத நான் கல்யாணமாகி வந்ததுல இருந்து வருஷா வருஷம் கேக்கறேன். எம்பையன் இந்த வருஷம் அவரு சொல்றதுக்கு முந்தியே "நொரையும் சருகும் மொதல்ல"ன்னு சொல்லிட்டான். ஏழாவது போறவன், வாய் எச்சா.

ஆவணியிலயே எங்க நாத்தனாரு கொழந்தைக்கு காதுகுத்து, அவங்க கொலதெய்வம் கோயல்ல. தாய்மாமன் எங்கூட்டுக்காரரு. சீர்த்தட்டு, பட்டுப்பாவாட, தேங்கா பழம் எல்லாம் மூணு வட்டல் சேர்த்தியே எடுத்துட்டு ஜம்முனு போனாரு. மடியில கொழந்தைய உக்கார வெச்சு, மொட்டை போட்ட தலையில சந்தனம் பூசி, ஆசாரி கம்பிய எடுத்ததுதான் தாமசம், கொழந்த அழுகறதுக்கு முந்தி இவரு அழுதுட்டாரு. காளைக்கு மூக்கணாங்கவுறு குத்தறப்ப அப்படியே நிக்கற மனுசனுங்க! ஒறம்பரை பூரா இன்னும் அதச் சொல்லிச் சிரிக்குது. இதக் கேட்டுட்டு இருக்கீங்கன்னா கோவிச்சுக்காதீங்க, சொல்லாம முடியல.

ஊர் சுத்துனதுன்னா ஒரே ஒரு தடவதான், காலாண்டு லீவுல ஊட்டி ரயிலு. டிக்கெட் கெடைக்கறது குதிரக்கொம்பு, பெரியவ ஹாஸ்டல்ல இருந்தே எப்படியோ போட்டுட்டா. வெடியால மூணு மணிக்கு கெளம்பி சத்தி, புளியம்பட்டி, சிறுமுகை வழியா மேட்டுப்பாளையம். அவ கோயமுத்தூர்ல இருந்து நேரா வந்து பிளாட்பாரத்துல நிக்கறா, கையில காப்பியோட, எங்களுக்கு முந்தி வந்து எங்களுக்குக் காப்பி வாங்கி வெச்சிருக்கறா. ஒரு மாசந்தான் ஆச்சு ஊட்ட உட்டுப் போயி.

கல்லாறு தாண்டுனதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச கம்பி வருது, இஞ்சினோட பல்சக்கரம் அதுல கோத்து கோத்து ஏறுது, அந்தப் பல்லு குன்னூர் வரைக்கும்தான். இஞ்சின் முன்னாடி இருந்து இழுக்கல, பின்னாடி நின்னு தள்ளுது. 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு. குன்னூர் வரைக்கும் 1899லயே பாதை போட்டுட்டாங்க, ஊட்டிக்கு 1908லதான் போயிருக்குது. 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. இதெல்லாம் எம்பையன் படிச்சுட்டு வந்து ஒப்பிச்சது. 16 கொகைன்னு எழுதியிருக்கு, இவன் எண்ணுனது 15. ஒண்ணுல நான் தூங்கிட்டேனான்னு எல்லாத்தையும் கேக்கறான். கொகைக்குள்ள போறப்பவெல்லாம் ரயிலே ஓஓன்னு கத்துது, மாமனாரு முண்டாசோட எந்திரிச்சு நின்னு கத்தறாரு, எனக்கு மானம் போச்சு. பெரியவ மட்டும் கத்தல. அஞ்சாவது கொகையில இருட்டுக்குள்ள என்ற கையப் புடிச்சா. வெளிச்சம் வந்ததும் உட்டுட்டா. ஹாஸ்டல் சாப்பாடு எப்படிடி அம்மிணின்னேன், நல்லாருக்குதும்மான்னா. நல்லால்லீன்னு எனக்குத் தெரிஞ்சுது. மக்யா நாளே அரிசிம்பருப்புப் பொடி, கொள்ளுப்பொடி எல்லாம் இடிச்சுக் குடுத்தனுப்பிச்சேன்.

தீவாளி வந்துச்சு போச்சு. மழ புடிச்சுக்கிச்சு, மஞ்சக்காட்டுல தண்ணி நின்னு ஒரு பக்கம் கெழங்கு அழுகிப்போச்சு, அத விடுங்க.

பட்டிப்பொங்கலுக்கு பெரியவ வந்தா. எங்கூட்டு வழக்கம், அன்னைக்குத்தான் புள்ளைகள உள்வாசல் நெலக்கால்ல நிக்க வெச்சு, தல உசரத்துக்கு கொழச்ச மஞ்சள்ல கோடு போடுவம். பென்சிலு அழிஞ்சுரும், இது மரத்துல ஊறிப்போயிரும். அதே நெலக்கால்ல எங்கூட்டுக்காரரு சின்னதுல நின்ன கோடும் இருக்குது, நாத்தனாருதும் இருக்குது. பையன் போன வருஷக் கோட்டுல இருந்து ஒரு சாண் மேல நிக்கறான், கொரலும் ஒடஞ்சு போச்சு, பட்டியில "பட்டி பெருகோணும், பால்பானை பொங்கோணும்"னு கத்தறப்ப பாதி ஆம்பளக் கொரலு பாதி கோழிக்கொரலு. பெரியவ "நான் வளரலம்மா, எனக்கு எதுக்கு"ன்னுட்டு நின்னா. நெசந்தான், பழைய கோட்டு மேலயேதான் புதுக்கோடும் விழுந்துச்சு.

அப்பத்தான் எம்பையன் எங்க மாமனாரப் பாத்து, "அப்பாரு நீங்களும் நில்லுங்க"ன்னான். கல்யாணத்தன்னைக்கு வெளையாட்டுக்குப் போட்ட கோடு ஒண்ணு அவருக்கும் இருக்குதுங்க, மேல, யாரும் பாக்காத எடத்துல. முண்டாச அவுத்துட்டு நின்னாரு. மூணு வெரக்கட கீழ வந்துட்டாரு. யாரும் பேசல. அவரே மஞ்சள எடுத்து பையன் கையில குடுத்து, "போடு, இருக்கற எடத்துல போடு"ன்னாரு.

அப்பறம் தைப்பூசத்துக்கு காங்கேயம், தாராவரம் வழியா பழனிக்கு நடந்தாரு, பேரனும் கூட நடந்தான். மலைப்படி 693ம் ஏறி எறங்கிட்டு வந்து பஞ்சாமிர்த டப்பாவ என்ற கையில குடுத்துட்டு, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போய் கொப்பரைக்கு வெறகு அடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

மாசியில மஞ்ச வேக வெச்சாச்சு, களத்துல காயுது. வெதைக்கு ஒதுக்கி வெச்சது தாவாரத்துல கெடக்குது. கண்ணாடிக்கு அக்கட்ட இருந்து ஒரு தம்பி நேரமாச்சுன்னு கை காட்டறாருங்க. பஸ்ஸும் அஞ்சே காலுக்கு. வரனுங்க.