காரணம்: காய்ச்சல்

வணக்கம் நேயர்களே. வேலை செய்யும் இடத்தில் மனநலம், அதில் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும், இதைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பல வருடம் ஒரு அலுவலகத்தில் மனிதவளப் பிரிவில் இருந்தவன். லீவு படிவங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். நான்கு மாதத்தில் ஆறு தடவை லீவு, ஆறு படிவத்திலும் காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று ஒரே வார்த்தை. ஆறுமே மாதக் கணக்கு முடிக்கிற நாட்களை ஒட்டி எடுத்த லீவு, வரிசையாக வைத்துத் தேதியைப் பார்த்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வேலையை விட்டுப் போகிற அன்றைக்குத்தான் சொன்னார்: "சார், காய்ச்சல் எல்லாம் இல்ல. காலைல ஷூ மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வருவேன், அதுக்கு மேல கால் நகராது." உண்மையை எழுதியிருக்கலாமே என்றேன். "எழுதியிருந்தா அந்தப் பேப்பர் யார் யார் கைக்குப் போயிருக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தக் கொள்கையும் எனக்குக் கொள்கையாகவே படவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2022இல் சொன்ன கணக்குப்படி, மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 1200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன. இதைக் கேட்டதும் நிர்வாகங்கள் என்ன செய்கின்றன? தியான வகுப்பு வைக்கின்றன, கவுன்சலிங் நம்பர் ஒன்றைச் சுவரில் ஒட்டுகின்றன. கவுன்சலிங் பலரைக் காப்பாற்றியிருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவரையே மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கையை வெட்டுகிற மிஷினுக்குத் தடுப்பு போடு என்று முதலாளியிடம் சொல்லும் சட்டம், தூக்கத்தைக் கெடுக்கிற டார்கெட்டைப் பற்றியும் வாய் திறக்க வேண்டும்.

பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு 2004இல் ஒரு வழிமுறை கொண்டுவந்தது. அதில் கேட்கிற கேள்விகள் எல்லாம் வேலையைப் பற்றியவை. வேலைச் சுமை எவ்வளவு, அதை எப்படிச் செய்வது என்பதில் உங்களுக்குப் பேச்சு உண்டா, தேவைப்படும்போது துணை கிடைக்கிறதா, சக ஊழியர்களோடு உறவு எப்படி, உங்கள் பொறுப்பு எது என்று தெளிவாகத் தெரியுமா, மாற்றம் வரும்போது முன்கூட்டியே சொல்கிறார்களா. ஆறே விஷயம்தான். எங்கள் கணக்குப் பிரிவில் முதல் இரண்டை மட்டும் கேட்டிருந்தாலே போதும், மாதக் கடைசி வாரம் எப்படி ஓடுகிறது என்று வெளியே வந்திருக்கும்.

ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த 'யார் கைக்குப் போகும்' என்ற கேள்வியை அவர்கள் நேராகவே எடுத்துக்கொண்டார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வருடத்துக்கு ஒரு முறை மன அழுத்தப் பரிசோதனை நடத்துவது 2015 டிசம்பரிலிருந்து கட்டாயம். முடிவு ஊழியருக்குத்தான் வரும், அவர் சம்மதிக்காமல் முதலாளி பார்க்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அழுத்தம் அதிகம் என்று வந்த பிறகு டாக்டரைப் பார்க்க விரும்பினால் நிர்வாகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், அங்கே பெயர் தெரிந்துவிடும், பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எந்தப் பிரிவில் அழுத்தம் அதிகம் என்று மொத்தமாக அலசி அந்தப் பிரிவின் வேலையைச் சரிசெய்வதோ, முயற்சி செய்யுங்கள் என்ற அளவில்தான் இருக்கிறது. பரிசோதனை கட்டாயம், திருத்துவது கட்டாயமில்லை! எனக்கு இது மனசு ஆறவில்லை.

அப்புறம், வேலை நேரம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று மேலே சொன்ன அதே இரண்டு அமைப்புகளும் 2021இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். மனசு வேறு உடம்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பிரான்ஸ் 2017இலேயே, வேலை நேரம் முடிந்த பிறகு போனையும் மெயிலையும் ஒதுக்கி வைக்கும் உரிமையைச் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சரி, அரசாங்கத்தில் கொள்கை எழுதுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். உடம்புக்கு முடியாதபோது கிடைக்கிற லீவு, அதே சம்பளத்தோடு மனசுக்கு முடியாதபோதும் கிடைக்கட்டும். நீண்ட லீவுக்குப் பிறகு திரும்புகிறவர் முதல் நாளே முழுச் சுமையைத் தூக்க வேண்டாம், சில வாரம் அரை நாளாக வரட்டும். தொழிலாளர் ஆய்வாளர் வந்தால் தீயணைப்புக் கருவியோடு சேர்த்து ஷிப்ட் பட்டியலையும் ஓவர்டைம் கணக்கையும் எடுத்துப் பார்க்கட்டும், மனிதவளப் பிரிவே இல்லாத சின்னக் கடைக்கும் பட்டறைக்கும் கூட அவர் போகட்டும். டாக்டர் சான்றிதழில் எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பது மட்டும் இருந்தால் போதும், என்ன நோய் என்பது டாக்டரோடு இருக்கட்டும். லீவு படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.