தட்டில் முளைத்த புள்ளிகள்

அனைவருக்கும் வணக்கம். மாணவர்கள் நிறைய வந்திருக்கிறீர்கள். ஒரு ரசாயனம் டிஎன்ஏவைத் தாக்குமா என்று பார்க்கும் ஒரு சோதனையையும் அதைத் தந்தவரையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதனால் சோதனைக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை உங்களுக்குத் தெரியும். கெட்டுப்போன சாப்பாட்டில் இருந்து வயிற்றைக் கலக்குகிறதே, அதுதான். அது வளர ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் வேண்டும். சாதாரணமாக அதைத் தானே செய்துகொள்ளும். அதற்கான மரபணுவில் ஒரு பிழை விழுந்துவிட்டால் செய்ய முடியாது. அப்படிப் பிழை விழுந்த பாக்டீரியாவை ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் விட்டால் பட்டினிதான்.

இப்போது அந்தத் தட்டில், நாம் சந்தேகப்படும் ரசாயனத்தைச் சேர்க்கிறோம். அது டிஎன்ஏவைத் தாக்கக்கூடியது என்றால், கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் சிலவற்றில் அந்தப் பழைய பிழையே தற்செயலாகத் திருந்திவிடும். திருந்தியவை மட்டும் பெருகும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ரசாயனம் சேர்க்காத தட்டிலும் சில புள்ளிகள் வரும். இரண்டையும் எண்ணி ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் சோதனை. இதைத் தந்தவர் புரூஸ் ஏம்ஸ். 1928இல் நியூயார்க்கில் பிறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து, 2024 அக்டோபரில் தமது 95ஆவது வயதில் மறைந்தவர்.

1964இல் ஒரு சிப்ஸ் பெட்டியில் அச்சிட்டிருந்த சேர்மானங்களைப் படித்தபோதுதான் அவருக்கு இந்தக் கவலை வந்தது. இத்தனை ரசாயனங்களைத் தின்கிறோமே, இவை மரபணுவை என்ன செய்கின்றன? மரபணு கெட்டால் புற்றுநோய் வரலாமே? அன்றைக்கு அதற்கு விடை காண எலிகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான எலிகள், இரண்டு வருடம், ஏராளமான பணம். சந்தையில் இருந்த ஆயிரக்கணக்கான ரசாயனங்களை அப்படிச் சோதித்து முடிக்க வழியே இல்லை.

தட்டை மட்டும் வைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் இருந்தது. வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் கொடிய நஞ்சு அது. ஆனால் அது இருக்கிறபடியே டிஎன்ஏவைத் தாக்குவதில்லை. நம் ஈரலில் உள்ள நொதிகள் அதை வெளியேற்றுவதற்காக மாற்றப்போய், அந்த மாற்றத்தில்தான் அது டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் வடிவத்தை எடுக்கிறது. காக்க வந்த உறுப்பே கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறது. பாக்டீரியாவுக்கு ஈரல் கிடையாதே! ஏம்ஸ் ஈரலை அரைத்து, அந்தச் சாற்றைத் தட்டில் சேர்த்தார். இது பற்றிய 1973ஆம் ஆண்டுக் கட்டுரையில் அஃப்ளாடாக்சின் உட்பட 18 புற்றுநோய்ப் பொருட்கள் அந்தத் தட்டில் சிக்கின. பாக்டீரியாவின் புறச்சுவரை ஓட்டையாக்கி, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் திறனையும் பறித்து, சிறு காயத்தையும் காட்டிக்கொடுக்கும்படி அதைச் செய்திருந்தார். அவருடைய வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அந்த பாக்டீரியா வகைகளை இலவசமாக அனுப்பிவைத்தார். அதனால்தான் சோதனை உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் ஒரு புதிய மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் இந்தத் தட்டை வைத்துப் பார்க்கிறார்கள்.

1975இல் தலைமுடிச் சாயங்களைச் சோதித்தார். நிரந்தரச் சாயங்கள் 169இல் 150 தட்டில் புள்ளி காட்டின. அதைவிட என்னை உலுக்கியது குழந்தைகளின் இரவு உடை விவகாரம். தீப்பற்றக் கூடாது என்ற சட்டத்துக்காக அமெரிக்காவில் அந்தத் துணிகளில் டிரிஸ் என்ற புரோமின் சேர்மத்தை ஊற்றிவைத்தார்கள். துணியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதற்கு மேலும். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் தூங்கும், நுனியை வாயில் வைத்துச் சப்பும். ஏம்ஸும் ஆர்லீன் பிளம் என்ற வேதியியலாளரும் அது டிஎன்ஏவைத் தாக்கும் பொருள் என்று 1977 ஜனவரியில் எழுதினார்கள். ஏப்ரலில் அரசு தடை விதித்தது. அடுத்த ஆண்டே, அந்த உடை அணிந்த குழந்தைகளின் சிறுநீரில் அதன் சிதைபொருள் இருப்பதையும் காட்டினார்கள்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ், குப்பையை எரிக்கும்போது உண்டாகும் டையாக்சின் போன்றவை புற்றுநோய் தருபவை. ஆனாலும் இந்தத் தட்டில் சிக்குவதில்லை. அவை டிஎன்ஏவை நேராகத் தாக்காமல் வேறு வழியில் கெடுக்கின்றன. தட்டு சுத்தமாக இருந்தால் பொருளும் சுத்தம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிற்காலத்தில் ஏம்ஸ் வேறு பக்கம் திரும்பினார். நாம் மூச்சுவிடுவதாலும் சாப்பிடுவதாலும் உடலுக்குள் உண்டாகும் ஆக்சிஜன் பொருட்களே மனித உயிரணு ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குச் சுமார் 10,000 முறை டிஎன்ஏவைத் தாக்குகின்றன என்று மதிப்பிட்டார். 1990இல், நாம் உணவில் உண்ணும் பூச்சிக்கொல்லிகளில் 99.99 சதவீதம் செடிகளே தற்காப்புக்காகச் செய்துகொள்பவை என்று எழுதினார். மிகக் குறைந்த அளவு செயற்கை ரசாயனத்துக்கு அஞ்சுவதை விடக் காய்கறியும் பழமும் குறைவாகச் சாப்பிடுவதற்கு அஞ்சுங்கள் என்பது அவர் வாதம். பழைய ஆதரவாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். அளவு முக்கியம் என்பதில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் தொழிற்சாலைக்குள் தினமும் அதே பொருளை முகரும் தொழிலாளிக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. அவர் வாங்குவது குறைந்த அளவே இல்லை.

இரவு உடைக் கதை 1977இல் முடிந்துவிடவில்லை. தடை செய்த டிரிஸின் இடத்துக்குக் குளோரின் கலந்த டிரிஸ் வந்தது. அதையும் அதே தட்டில் வைத்துப் பார்த்து, அதுவும் டிஎன்ஏவைத் தாக்குகிறது என்று 1978இல் எழுதினார்கள். குழந்தைகளின் உடையிலிருந்து அது விலகியது. 2011இல் அமெரிக்காவில் 101 குழந்தைப் பொருட்களின் நுரைப்பஞ்சை எடுத்துச் சோதித்தார்கள். கார் இருக்கை, மெத்தை, பாலூட்டும் தலையணை எல்லாம் அதில் உண்டு. தீத்தடுப்புப் பொருட்களில் அதிகம் கிடைத்தது அதே குளோரின் டிரிஸ்.