ஐந்து ரூபாயில் பாரிமுனை!

வணக்கம் மக்களே. வண்டி எங்கே, வண்டி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என் ஸ்கூட்டர் இன்னும் மெக்கானிக் கடையில்தான் நிற்கிறது. உள்ளங்கையில் மூன்று வைக்கலாம், அவ்வளவு சின்ன உதிரிபாகம். அது வருவதற்கு 11 நாள். எப்போது கேட்டாலும் "நாளைக்கு அக்கா" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது.

ஆனால் வாரம் மூன்று நாள் பாசிமணி வாங்க நான் பாரிமுனைப் பக்கத்துக் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போயாக வேண்டுமே! ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. சரி என்று திருவொற்றியூர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். இத்தனை வருடம் இதே ஊரில் இருந்துகொண்டு, அந்த நிலையத்துக்குள் நான் கால் வைத்தது மொத்தம் இரண்டு முறை.

பாரிமுனைக்குப் பக்கத்திலிருக்கிற சென்னைக் கடற்கரை நிலையத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். ஐந்து ரூபாய் என்றார். நடைமேடை டிக்கெட்டைக் கேட்டதாக நினைத்துவிட்டாரோ என்று மறுபடியும் சொன்னேன். "ஐந்து ரூபாய்தாம்மா!" மக்களே, ஐந்து ரூபாய்! இன்றைக்கு அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்? எங்கள் தேரடியில் ஒரு வடை கிடைக்காது. பாரிமுனையில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கே நான் 20 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்துவதற்கு! ஓடுவதற்கு இல்லை! பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். என் கணக்கு நோட்டை எடுத்துப் போன மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தேன். அந்தத் தொகையை இங்கே சொல்ல மாட்டேன், அம்மாவும் இந்த வீடியோவைப் பார்ப்பார்.

ஏறியது மகளிர் பெட்டி. ஜன்னலோர இடம். எதிரே ஒரு அம்மா, காலடியில் அலுமினியக் கூடை, மேலே ஈரச்சாக்கு. சாக்கில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு நண்டுக் கால் வெளியே நீட்டிக்கொண்டு மெதுவாக அசைகிறது. நண்டு என்றால் எனக்கு உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். விலை கேட்டேன். "எல்லாம் சொல்லிவைத்தது பாப்பா" என்று சாக்கை இழுத்து மூடிவிட்டார். அப்புறம் அவரே, "எங்கே போகிறாய்?" என்று கேட்டார். கடற்கரை என்றதும், "இது சென்ட்ரல் போகிற வண்டியாச்சே!"

ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வருகிற எல்லா வண்டியும் ஒரே இடத்துக்குப் போகாது. கொருக்குப்பேட்டையில் பாதை பிரிகிறது. ஒன்று பேசின் பாலம் வழியாக சென்ட்ரலை ஒட்டியிருக்கிற மூர் மார்க்கெட் நிலையம், இன்னொன்று வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரை. பலகையைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். அவர் சொன்னபடி கொருக்குப்பேட்டையில் இறங்கி அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். 22 நிமிடம்! நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன், யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் 22 நிமிடம் மாட்டிக்கொண்டால் நான் எப்படிக் கத்துவேன் என்று பழைய வீடியோக்களில் கேட்டிருக்கிறீர்கள்.

அதைவிட ஒன்று, இதையும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். கொருக்குப்பேட்டைக்கு முன்னால் ரயில்வே கேட். மூடிய கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டம் ரயிலை முறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் எத்தனை நாள் நான் நின்றிருக்கிறேன், உள்ளே இருப்பவர்களை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! நேற்று உள்ளே இருந்தது நான். கை அசைத்தேன். ஒரு சின்னப் பையன் மட்டும் திருப்பி அசைத்தான்.

ராயபுரத்தில் வண்டி நின்றதும் எழுந்தே நின்றுவிட்டேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் இருக்கிற வாலாஜா ரோடு நிலையத்துக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வைத்த பழைய கட்டடத்துக்கு வெளியே நூறு முறையாவது வண்டி ஓட்டியிருப்பேன். என் கண் முழுக்க முன்னால் போகிற கன்டெய்னர் லாரியின் பின்சக்கரத்தில்தான் இருக்கும்.

திரும்பும்போது மண்ணடியில் மெட்ரோ ஏறினேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டியபோது ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனதோடு சரி. சுத்தம், குளிர்ச்சி, எல்லாம் உண்டு. ஆனால் யாரும் யாருடனும் பேசுவதில்லை, கடலையும் தின்னக் கூடாது. எனக்கு ஒட்டவில்லை. ஒன்றே ஒன்று: தண்டையார்பேட்டை தாண்டிச் சுரங்கத்திலிருந்து மேலே ஏறுகிறதே, அந்த இடம்! இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சம், கீழே மொட்டை மாடிகள், காய்கிற துணிகள். அதற்காக மட்டும் மறுபடி ஏறுவேன்.

பிங்க் நிறப் பேருந்தை விட்டுவிட்டேனே! அதில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லாத மாதிரிதான். ஐந்து ரூபாய்க்கே இவ்வளவு பேசியவள் அதைப் பற்றி ஆரம்பித்தால் இன்று முடியாது, அடுத்த வீடியோவில்.

இன்னொரு விஷயம், மெக்கானிக்கிடம் சொல்லிவிடாதீர்கள். உதிரிபாகம் முந்தாநாளே வந்துவிட்டது. வண்டியை எடுத்துப் போகச் சொல்லி அவர்தான் போன் செய்கிறார். நாளைக்கு வருகிறேன் தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.